ஆவரம்பாறையில் வண்டிகள் விழாமல் நின்ற காலம்

ஆவரம்பாறை பட்டறைத் தெருவில் வண்டிகள் விழுவதை நிறுத்திக்கொண்டது ஒரு தை மாதத்து வியாழக்கிழமை, லிங்குசாமி ஒரு வெள்ளை அம்பாசடருக்கு அடியில் மல்லாந்து படுத்து ஆயில் இறக்கிக்கொண்டிருந்தபோது. பக்கத்து வாட்டர் சர்வீஸ் தண்ணீர் ஊறி ஜாக்கியின் காலடி மண் இளகியிருந்ததை அவர் பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் அடியில் ஒரு பலகையைப் போடுகிற பழக்கம் அவருக்கு இல்லை, சக்கரத்துக்குக் கட்டை வைக்கிற பழக்கமும் இல்லை. ஜாக்கி மெல்லச் சாய்ந்தது, சாய்ந்து சறுக்கியது, சறுக்கி அவர் தோளுக்குப் பக்கத்தில் விழுந்தது, வண்டி விழவில்லை. ஏறின உயரத்திலேயே அது நின்றது. ஆயில் மட்டும் வழக்கம்போலத் தட்டில் சொட்டிக்கொண்டிருந்தது.

"நான் என்ன செய்ய, வெளிய வந்து ஒரு டீயக் குடிச்சேன், திரும்பிப் பார்த்தேன், அப்பவும் நின்னுக்கிட்டுதான் இருந்துச்சு, போய் மிச்ச வேலைய முடிச்சுட்டேன்" என்று அவர் பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். சாயங்காலம் வண்டிக்காரர் வந்தபோது எப்படி இறக்குவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. லிங்குசாமி, படுக்க மறுக்கிற மாட்டின் முதுகில் கை வைப்பதுபோல, பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்து "எறங்கு" என்றார். வண்டி சத்தமில்லாமல் இறங்கித் தரையில் உட்கார்ந்தது. வண்டிக்காரர் கூலியைக் கொடுத்துவிட்டு ஓட்டிப் போனார்.

அதன்பின் அந்தத் தெருவில் எந்த வண்டியும் விழவில்லை. நாலு பேர் சேர்ந்து ஒரு மூலையைத் தூக்கிவிட்டால் போதும், கையை எடுத்தபின்னும் அது அந்த உயரத்திலேயே நின்றது. கார் நின்றது, வேன் நின்றது, செங்கல் லோடு இறக்காத லாரிகூட முன்சக்கரம் இரண்டும் காற்றில் இருக்க, வேலை முடிகிறவரை பொறுமையாக நின்றது. முதல் வாரம் ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள், இரண்டாவது வாரம் மாலை போட்டு எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்தார்கள், அதற்கடுத்து வேலை கூடிப்போனதால் மாலை போடவும் நேரமில்லாமல் போயிற்று. பைபாஸில் போகிற வண்டிகள் வழியை மாற்றிக்கொண்டு வந்தன. போக்குவரத்து இன்ஸ்பெக்டர் ஒருவர் விசாரிக்க வந்தார், குனிந்து பார்த்தார், நிமிர்ந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டு தன்னுடைய ஜீப்புக்கும் பிரேக் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார். மதிய வெயிலில் தூக்கி நிறுத்திய லாரிக்கடியில் சீட்டாட்டம் நடந்தது. வண்டிகளின் அடியில் கோழிகள் அடைகாத்தன. கல்யாண மண்டபம் கிடைக்காத ஒரு குடும்பம் பழைய பேருந்து ஒன்றைத் தூக்கி நிறுத்தி அதன் நிழலில் நிச்சயதார்த்தம் நடத்தியது. பட்டறைக்காரர் சங்கத்து ஆட்கள் கூடி, லிங்குசாமியைத் தலைவராக்கி, தெருவிலிருந்த ஜாக்கிகளையும் இரும்பு ஸ்டாண்டுகளையும் காயலான் கடையில் போட்டு, அந்தப் பணத்தில் தெருமுனையில் ஒரு வளைவு கட்டினார்கள்.

போடாதவள் பவுன்தாய் ஒருத்திதான்.

பவுன்தாயின் பட்டறை தெருவின் சரிவான கோடியில், சாக்கடைக்கு முன்னால் இருந்தது. பெண் நடத்துகிற பட்டறை அந்தத் தெருவில் அது ஒன்றுதான். அதற்கு முன் அது அவள் புருசன் சன்னாசியுடையது. வண்டிகள் விழாமல் நிற்கத் தொடங்குவதற்குச் சில வருசங்களுக்கு முன், சன்னாசி ஒரு ஜீப்பைத் தூக்கிச் சிமெண்டுக் கல்லின்மேல் நிறுத்திவிட்டு அடியில் போனார். கல் உடைந்தது. அவள் சோற்றுத் தூக்குடன் வந்தபோது ஜீப்பின் அடியிலிருந்து அவருடைய செருப்புக் கால் மட்டும் தெரிந்தது. காரியம் முடிந்த கையோடு பட்டறையைத் திறந்தாள். சன்னாசியின் தம்பி வேல்மயில் வேலை சொல்லிக்கொடுத்தான், அவள் கற்றுக்கொண்டாள், ஆனால் அவன் சொல்லாத சிலவற்றையும் அவளே சேர்த்துக்கொண்டாள். வண்டி வந்ததும் சமதளமாகப் பார்த்து நிறுத்துவாள். கைப்பிரேக்கை இழுத்துவிட்டுச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுப்பாள். பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி ஒதுக்கிவைப்பாள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை இளக்குவாள், அப்புறம்தான் ஜாக்கி போடுவாள், ஜாக்கியை நம்பாமல், பாரம் தாங்க அடியில் இரும்பு ஸ்டாண்டு வைப்பாள், வைத்தபின் வண்டியை இடுப்பால் ஒரு தள்ளு தள்ளிப் பார்ப்பாள், அது அசையாமல் இருந்தால்தான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சன்னாசியின் சட்டையை மேலே மாட்டிக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, அடியில் போவாள்.

வண்டிகள் காற்றில் நிற்கத் தொடங்கியபின்னும் அவள் அதையேதான் செய்தாள். அவளுக்கு நம்பிக்கை இல்லாமல் இல்லை. எதிர்ப் பட்டறையில் தினமும் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

சங்கத்துக்காரர்கள் லிங்குசாமியுடன் வந்து அவள் பட்டறை வாசலில் நின்றார்கள்.

"பவுனு, ஊரே ஒண்ண நம்பி நிக்கிறப்ப நீ மட்டும் முட்டுக் கொடுத்தா அது நம்மள அவமானப்படுத்துற மாதிரி இருக்குல்ல" என்றார் லிங்குசாமி. அவர் கெட்ட மனிதர் இல்லை. சன்னாசியைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப்போனவர்களில் அவரும் ஒருவர்.

"உங்கள ஒண்ணும் சொல்லலையேண்ணே. நான் என் வண்டிக்கு வைக்கிறேன்."

"நிக்கிறத நீயும் பாக்குறதான?"

"பாக்குறேன்."

"அப்புறம் என்னத்தா?"

பவுன்தாய் கையிலிருந்த ஸ்பேனரைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தாள். "அன்னிக்கு அவரப் பிடிக்காத கை, இன்னிக்கு என்னையப் பிடிக்க வேணாம்ணே" என்றாள்.

லிங்குசாமி சண்டை போடாமல் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார். ஆனால் அவளிடம் வண்டி விடுகிறவர்கள் குறைந்தார்கள். அவள் ஒரு வண்டியைத் தூக்க எடுத்துக்கொள்கிற நேரத்தில் மற்றவர்கள் வேலையையே முடித்து அனுப்பினார்கள். ஒருநாள் வேல்மயிலும் தன்னுடைய ஸ்பேனர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எதிர்வரிசையில் காலியாகக் கிடந்த இடத்துக்குப் போனான். போகும்போது அவன் அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை.

வேல்மயிலின் பெண்டாட்டி செல்லக்கிளி அப்போதுதான் பிள்ளை பெற்றிருந்தாள். வீட்டுக்குள் புழுக்கம் தாங்காமல் பகலில் பிள்ளையைப் பட்டறைக்கே தூக்கிவந்தாள். அங்கே உதிரிச் சாமானுக்காகக் காத்திருந்த ஒரு நீல வேன், பின்பக்கம் மட்டும் நெஞ்சளவுக்குத் தூக்கி நிறுத்தப்பட்டு, நாள்கணக்காகக் காற்றில் நின்றது. அதன் அச்சில் சேலையைக் கட்டித் தொட்டில் போட்டாள். வேனுக்கடியில் நல்ல காற்று வந்தது. பிள்ளை தூங்கியது. தெருப் பெண்கள் வந்து பார்த்து, இதைவிடக் குளிர்ச்சியான இடம் இந்த ஊரில் இல்லை என்றார்கள்.

பவுன்தாய் அதைத் தன் பட்டறையிலிருந்து பார்த்தாள். அன்று அவள் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் தெரு கூடுவதற்கு முன்னால், தன்னிடமிருந்தவற்றில் உயரமான ஸ்டாண்டு இரண்டைத் தோளில் சுமந்துபோய், நீல வேனின் அச்சுக்கடியில், தொட்டிலுக்கு இந்தப்பக்கம் ஒன்றும் அந்தப்பக்கம் ஒன்றுமாக வைத்துவிட்டு வந்தாள். வேல்மயில் வந்ததும் அவற்றைப் பிடுங்கித் தெருவில் எறிந்தான். அவள் பொறுக்கிக்கொண்டாள். அதற்கடுத்த நாள் காலையில் திரும்ப வைத்தாள். அவன் திரும்ப எறிந்தான். இப்படியே கொஞ்ச காலம் போயிற்று. தெரு அதற்கும் பழகிப்போனது. காலையில் இரும்பு தரையில் விழும் சத்தம் கேட்டால் டீக்கடைக்காரர் அடுப்பைக் கூட்டினார்.

ஒருநாள் வேல்மயில் எறியாமல், ஸ்டாண்டைக் கையில் பிடித்தபடி தெருவைக் கடந்து வந்தான்.

"மதினி, எதுக்கு இப்படிச் செய்யிறீங்க? என் பிள்ள விழுந்துரும்னு சாபம் வைக்கிறீங்களா?"

"விழக்கூடாதுன்னு வைக்கிறேன்."

"எல்லாந்தான் நிக்குதே."

"நிக்கட்டும். இதும் சும்மா நிக்கட்டும். இது சோறா கேக்குது?"

வேல்மயில் கையிலிருந்த இரும்பை அவளுக்கு முன்னால் நீட்டினான். "இதப் பாக்குறப்பல்லாம் எனக்கு எது ஞாபகம் வருதுன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சேதான் என் கண்ணுல படுற மாதிரி வைக்கிறீங்க."

பவுன்தாய்க்குத் தெரியும். சன்னாசி செத்த அன்று பட்டறையில் ஸ்டாண்டு இல்லை. அதற்கு முந்தின நாள் பக்கத்து ஊரில் பிரேக்டவுன் ஆகி நின்ற வண்டிக்காக வேல்மயில் அவற்றை எடுத்துப்போயிருந்தான், வேலை முடிந்தும் திருப்பி எடுத்துவரவில்லை, நாளைக்குக் கொண்டுவரலாம் என்று அங்கேயே போட்டுவிட்டு வந்திருந்தான். அண்ணன் கேட்டபோது "சாயந்தரம் தாரேன், அதுவரைக்கும் கல்லு வச்சுக்கிருங்க" என்று சொன்னவனும் அவன்தான். இத்தனை வருசத்தில் இரண்டு பேரும் அதைப் பேசினதில்லை. தெருவில் வண்டிகள் விழாமல் நின்றபோது, ஸ்டாண்டே தேவையில்லாத ஒரு உலகம் வந்ததில் எல்லாரையும்விட வேல்மயிலுக்குத்தான் நிம்மதி. ஸ்டாண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்றால் அன்றைக்கும் ஒன்றுதான்.

"உன்னையக் குத்திக்காட்ட வைக்கலப்பா" என்றாள் பவுன்தாய். "அதுக்கு வைக்கிறதா இருந்தா பிள்ள தொட்டிலுக்கா வைப்பேன்?"

அவன் ஸ்டாண்டைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அடுத்த நாள் காலையிலும் அவள் கொண்டுபோய் வைத்தாள். டீக்கடைக்காரர் சத்தத்துக்காகக் காத்திருந்தார். சத்தம் வரவில்லை. வேல்மயில் வந்தான், நீல வேனைப் பார்த்தான், தொட்டிலின் இரண்டு பக்கமும் நின்ற இரும்புகளைப் பார்த்தான், அவற்றைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போய், அந்தப்பக்கம் தூக்கி நிறுத்தியிருந்த சரக்கு வேனுக்கு அடியில் படுத்து வேலையைத் தொடங்கினான். அதற்கு ஸ்டாண்டு இல்லை. செல்லக்கிளி பிள்ளைக்குப் பால் கொடுத்துத் தொட்டிலில் போட்டாள்.

வெயில் ஏறி, டீக்கடையில் வடை போடுகிற நேரத்தில், எல்லா வண்டிகளும் விழுந்தன.

ஒன்றன்பின் ஒன்றாக இல்லை, எல்லாம் ஒரே சமயத்தில், இத்தனை நாளும் சுமந்த ஒருவர் மூச்சு விட்டதுபோல. தெரு ஒரு தடவை அதிர்ந்தது. தூசி எழுந்து வெயிலை மறைத்தது. தூசிக்குள் கொஞ்ச நேரம் எந்தச் சத்தமும் இல்லை, அப்புறம் ஒரு ஹாரன் நிற்காமல் அலறியது, அதற்கப்புறம்தான் மனிதர்களின் குரல் தொடங்கியது. சீட்டாடியவர்கள் கைகளில் சீட்டோடு கிடந்தார்கள். பேருந்தின் நிழலில் மாவு இடித்துக்கொண்டிருந்த பெண்களின் உலக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

நீல வேன் விழவில்லை. இரண்டு ஸ்டாண்டின்மேல் இரும்பு இரும்பில் மோதி உட்கார்ந்தது. தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. செல்லக்கிளி ஓடிப்போய்ப் பிள்ளையை உருவி எடுத்து நெஞ்சோடு அணைத்தபின்தான், பக்கத்துச் சரக்கு வேனின் அடியிலிருந்து புருசனின் குரலைக் கேட்டாள்.

தெருவில் மிஞ்சியவர்கள் கையால் தூக்கப் பார்த்தார்கள். லிங்குசாமியின் மேல் விழுந்த காரை அவருடைய மகன்களும் இன்னும் சிலரும் சேர்ந்து தூக்கினார்கள், ஒரு சாண் தூக்கினார்கள், மூத்த மகன் அப்பாவின் கையைப் பிடித்து இழுக்கக் குனிந்தபோது மற்றவர்களின் பிடி நழுவியது. கார் அவர்மேல் இரண்டாம் தடவை விழுந்தது. அதற்கப்புறம் அவர் குரல் கேட்கவில்லை.

தெருவிலிருந்த ஒரே ஜாக்கியை, கட்டைகளோடும் பலகையோடும் இழுத்துக்கொண்டு பவுன்தாய் எதிர்ப்பக்கம் ஓடினாள். வேல்மயிலின் ஒரு கால் தொடைக்குக் கீழே சரக்கு வேனின் அடியில் இருந்தது. கண் திறந்திருந்தது.

"மதினி."

"பேசாத. மூச்ச விடு."

அவள் முதலில் கட்டைகளைத்தான் கையில் எடுத்தாள். சரிவு சாக்கடைப் பக்கம் இருந்தது. சக்கரம் ஒரு விரற்கடை உருண்டாலும் அவன் இடுப்புக்கு வரும். செல்லக்கிளி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "கட்டையப் போடுற நேரமாக்கா இது, தூக்குங்க, செத்துருவாருக்கா." சுற்றி நின்றவர்களும் தூக்கு தூக்கு என்றார்கள். பவுன்தாய்க்கும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஜாக்கியைச் சொருகித் தூக்கிவிட வேண்டும்போலத்தான் இருந்தது. ஆனால் அவள் ஒரு கட்டையை வைத்தாள், மறு கட்டையை வைத்தாள், பலகையைத் தரையில் போட்டாள், பலகையின்மேல் ஜாக்கியை நிறுத்தி அடிக்கத் தொடங்கினாள், வண்டி கொஞ்சம் எழும்பியதும் தன் பட்டறையிலிருந்து ஸ்டாண்டை எடுத்துவரச் சொல்லி அடியில் கொடுத்தாள், இடுப்பால் ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தாள். அது அசையவில்லை. "இப்ப இழுங்க" என்றாள்.

இழுத்து எடுத்தார்கள். உயிர் இருந்தது. கால் கால் மாதிரி இல்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு பட்டறையாகப் போனாள். ஒவ்வொரு வண்டிக்கும் கட்டை வைத்தாள், பலகை போட்டாள், ஸ்டாண்டு கொடுத்தாள். சிலர் உயிரோடு வந்தார்கள். அதிகம் பேர் அப்படி வரவில்லை. ஆம்புலன்ஸ்கள் வந்து நிறைந்தபின்னும் அவள் குனிந்து நிமிர்ந்துகொண்டே இருந்தாள். கடைசியாக லிங்குசாமியின் காரைத் தூக்கியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அவர் மகன்கள் யாரும் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

பதினாறாம் நாள் காரியங்கள் முடிந்ததும் சங்கம் வளைவுக்கடியில் கூடியது. இவ்வளவு நாள் பிடித்திருந்தது ஏன் விட்டது என்பதுதான் பேச்சு. யோசிக்க யோசிக்க எல்லாருக்கும் ஒரே பதில்தான் கிடைத்தது. சந்தேகம் தெருவில் ஒரு வீட்டோடு இருந்தவரை அது பொறுத்துக்கொண்டது. இரண்டாவது வீட்டுக்கும் பரவியதும் கையை எடுத்துக்கொண்டது. அன்று காலையில் இரும்பு எறிகிற சத்தம் கேட்கவில்லை என்று டீக்கடைக்காரர் சொன்னார். நீல வேனின் அடியில் ஸ்டாண்டு நின்றதைத் தெருவே பார்த்திருந்தது.

வேல்மயிலை ஆஸ்பத்திரியிலிருந்து நாற்காலியில் வைத்துத் தூக்கிவந்திருந்தார்கள். ஒரு காலைத் தொடையோடு எடுத்திருந்தார்கள். லிங்குசாமியின் மூத்த மகன், மழித்த தலையோடு, அவனுக்கு முன்னால் வந்து நின்றான்.

"அன்னிக்கு அந்த ஸ்டாண்ட வச்சது யாரு? நீ சொல்லு, போதும். உன்னைய ஒண்ணும் செய்யல. வச்சவங்க இந்தத் தெருவுல இருக்கக் கூடாது, அவ்வளவுதான்."

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற பவுன்தாய் முன்னால் வந்து வாயைத் திறந்தாள். அதற்குள் வேல்மயில் சொல்லிவிட்டான்.

"நான்தான் வச்சேன்."

"பொய் சொல்லாத. உங்க மதினிதான தினம் வைக்கும்?"

"தினம் அவுக வச்சாக, நான் எறிஞ்சேன். அன்னிக்கு நான் வச்சேன்."

"எதுக்கு?"

வேல்மயில் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்தான். இல்லாத காலின் பக்கத்து வேட்டி காற்றில் ஆடியது. "எங்கண்ணன் ஸ்டாண்டு கேட்டப்ப நான் கல்லு வச்சுக்கிருங்கன்னு சொன்னேன்" என்றான். "அன்னிக்குக் குடுக்காதத இன்னிக்கு வச்சேன். போதுமா?"

பவுன்தாய் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். புருசனுக்கு அழுததற்கப்புறம் அவள் அழுதது அப்போதுதான்.

வேல்மயிலின் குடும்பம் அந்த வாரமே தெருவை விட்டுப் போக வேண்டும் என்று முடிவானது. பவுன்தாயின் பெயரை யாரும் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் சாமான் ஏற்றிய லாரியில் அவளும் தன் ஜாக்கியையும் கட்டைகளையும் ஸ்டாண்டுகளையும் ஏற்றினாள், ஏறி உட்கார்ந்து பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

அவர்கள் போனபின் ஆவரம்பாறைத் தெரு கழுவிவிடப்பட்டுப் பூசை நடந்தது என்றும், ஒரு காரின் மூலையைத் தூக்கிக் கையை எடுத்துப் பார்த்தார்கள் என்றும், அது விழுந்தது என்றும் அந்தப் பக்கம் போய்வந்த டிரைவர்கள் சொன்னார்கள். சும்மா தூக்கினால் எப்படி நிற்கும், அடியில் ஆள் இருந்தால்தானே அது பிடிக்கும் என்று யாரோ சொன்னார்களாம். லிங்குசாமியின் மூத்த மகன் தானாகவே போய்ப் படுத்தானாம். அவனையும் அப்பாவுக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள். அதற்கப்புறமும் தெரு காலியாகவில்லை, இன்னும் யாராவது ஒருவர் போய்ப் படுக்கச் சம்மதிக்கிறார்கள் என்றும் இவர்கள் கேள்விப்பட்டார்கள். பவுன்தாய் அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எழுந்து வேறு வேலை பார்க்கப் போனாள்.

இப்போது அவர்கள் பட்டறை ஒரு ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில், ஆவரம்பாறையின் பெயர் தெரிந்த யாரும் வராத இடத்தில் இருக்கிறது. வேல்மயில் நாற்காலியில் உட்கார்ந்து கார்புரேட்டர், டைனமோ என்று கை வேலை பார்க்கிறான், வண்டிக்கு அடியில் போகிற வேலையைப் பவுன்தாய் பார்க்கிறாள். ஒரு மழைக்காலக் காலையில், மருத்துவச்சி ஒருத்தியின் பழைய கார் வந்தது. பவுன்தாய் கைப்பிரேக்கை இழுத்தாள், கட்டை வைத்தாள், ஜாக்கி போட்டுத் தூக்கினாள், ஸ்டாண்டைக் கொடுத்தாள், ஜாக்கியை மெல்ல இறக்கி உருவினாள். அடியில் போவதற்காகக் குனிந்தவள் அப்படியே நின்றாள். ஸ்டாண்டின் தலைக்கும் வண்டியின் சட்டத்துக்கும் நடுவில், ஒரு நூல் அளவுக்கு, அந்தப்பக்கத்து வெளிச்சம் தெரிந்தது. வண்டி எதன்மேலும் உட்காராமல் நின்றது.

தண்டவாளத்தில் கூட்ஸ் வண்டி ஒன்று போய் முடிகிறவரை அவள் அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மதினி?" என்றான் வேல்மயில், வேலையிலிருந்து தலையைத் தூக்காமல்.

"ஒண்ணுமில்ல. ஒரு பல்லு ஏத்தணும்."

அவள் ஸ்டாண்டின் பல் வெட்டிய கம்பியை ஒரு பல் உயர்த்தினாள். இரும்பு இரும்பைத் தொட்டது. பிறகு எழுந்து வண்டியின்மேல் உள்ளங்கையை வைத்து, அது தன் பாரத்தையெல்லாம் ஸ்டாண்டுக்குக் கொடுக்கிறவரை, அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.